‘சோதித்து இணை சேர்த்த ஜெர்மானியம் ஜோடி’ என்று வாங்கி ஏமாந்தேன்: ஃபஸ் பெடல் கட்டுகிறவர்கள் கவனத்திற்கு

கிட்டாரின் ஒலியை முரடாக்கும் ‘ஃபஸ்’ பெடல்களில் பேர்பெற்ற பழைய ஃபஸ் ஃபேஸின் நகல் ஒன்றை வீட்டிலேயே கட்ட வேண்டும் என்ற ஆசையில், கடந்த சித்திரை மாதம், இணையத்தில் பழைய ரேடியோ பாகங்கள் விற்கும் ஒருவரிடம் இரண்டு ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர்களை ₹3,600 கொடுத்து வாங்கினேன். ‘1960களின் ஏசி128, ஒவ்வொன்றாகச் சோதித்து இணை சேர்த்தது’ என்பது அவருடைய விளம்பரம்; ஏசி128 என்பது அந்த ட்ரான்சிஸ்டரின் வகை எண். வந்த இரண்டில் ஒன்று ஜெர்மானியமே அல்ல. மற்றொன்று எங்கள் ஊர் வெயிலுக்குத் தாங்காத அளவுக்கு மின்கசிவு மிகுந்தது. பணம் திரும்பவில்லை. இதே பொருளைத் தேடிக்கொண்டிருக்கும் வேறு யாரும் இப்படி ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

இரண்டு சிறிய பாகங்களுக்கு இவ்வளவு விலையா என்று சிலருக்குத் தோன்றலாம். 1966ஆம் ஆண்டு லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ், ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் காலடியில் இருந்த காரணத்தாலேயே உலகம் முழுவதும் பேர் வாங்கிய பெடல். அதன் வட்டமான கூட்டைத் திறந்தால் உள்ளே இரண்டு ட்ரான்சிஸ்டர்கள், நான்கு ரெசிஸ்டர்கள், மூன்று கெபாசிட்டர்கள், இரண்டு திருகிகள், அவ்வளவுதான். மற்ற பாகங்கள் அனைத்தும் மதுரையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ சில நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும். ஆரம்பகாலப் பெடல்களில் இருந்த, சிலிக்கானுக்கு முந்தைய தலைமுறையான ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர்கள்தான் அந்த ஒலியின் உயிர். கிட்டாரின் வால்யூமைச் சற்றே குறைத்தால் முரட்டு ஒலி தெளிந்து மணியோசை போல் ஆவதை ஒருமுறை கேட்டவர்கள், அதற்காக விலை கொடுக்கத் தயங்க மாட்டார்கள். அந்தத் தயக்கமின்மையை வைத்துத்தான் இந்த ஏமாற்று நடக்கிறது.

ஜோடி ஒரு சிறிய பிளாஸ்டிக் உறையில், அச்சிட்ட சீட்டோடு வந்தது. சீட்டில் முதல் ட்ரான்சிஸ்டருக்குப் பெருக்கம் (உள்ளே வரும் மின்னோட்டத்தை எத்தனை மடங்காக்கும் என்ற எண்) 85 என்றும் இரண்டாவதற்கு 125 என்றும் குறித்திருந்தார்கள். முதலாவதற்கு எண்பதை ஒட்டியும் இரண்டாவதற்கு நூற்றிருபதை ஒட்டியும் இருக்க வேண்டும் என்பது இந்தச் சர்க்யூட்டைக் கட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு. ஆகவே அந்தச் சீட்டைப் பார்த்ததும் எனக்கு மனநிறைவு ஏற்பட்டது. கசிவு எவ்வளவு என்று அதில் ஒரு வரிகூட இல்லை என்பதை அன்று நான் கவனிக்கவில்லை.

கோட்டையூரில் எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டில் உள்ள அறையில்தான் வேலை செய்தேன். சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் உள்ள அறை என்பதால், வெளியே எவ்வளவு வெயில் இருந்தாலும் காலை நேரத்தில் 28 டிகிரிக்கு மேல் போகாது. வெரோபோர்டு என்னும் துளையிட்ட சர்க்யூட் பலகையில் பாகங்களை அடுக்கி, ட்ரான்சிஸ்டர்களுக்கு மட்டும் ஈயம் வைக்காமல் சாக்கெட்டில் செருகினேன். ஜெர்மானியம் சூடு தாங்காது என்று படித்திருந்ததால் செய்த அந்த ஒரு முன்னெச்சரிக்கைதான் பிற்பாடு எனக்குச் சாட்சியாயிற்று. மூலச் சர்க்யூட்டில் உள்ள 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பதிலாக ஒரு பிரிசெட்டை (திருப்பினால் மதிப்பு மாறும் சிறிய ரெசிஸ்டர்) வைத்து, இரண்டாவது ட்ரான்சிஸ்டரின் கலெக்டரில் (பேஸ், எமிட்டர், கலெக்டர் என்ற மூன்று கால்களில் ஒன்று) மைனஸ் 4.5 வோல்ட் வரும்படி திருப்பிவிட்டு கிட்டாரைச் செருகியபோது, கொஞ்சம் கரகரப்பு கூடுதலாக இருந்தாலும் ஒலி வந்தது. ஆயா கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிற்பகல் இரண்டு மணிக்கு நண்பருக்கு வாசித்துக் காட்டுவதற்காகப் பெடலை வளவு முற்றத்துக்குக் கொண்டுவந்தேன். சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி 37 காட்டியது. முதல் பத்து நிமிடங்களுக்குள் ஒலி விட்டுவிட்டு வரத் தொடங்கியது. மெல்லத் தட்டிய ஸ்வரங்கள் எழும்பவே இல்லை. பிறகு பெடல் முற்றிலும் ஊமையாகிவிட்டது. மீட்டரை வைத்துப் பார்த்தால் கலெக்டரில் மைனஸ் 8.6 வோல்ட். பிரிசெட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது இறங்கவில்லை. இரவில் அதே பெடல் மீண்டும் பாடியது.

அப்பச்சி காலத்திலிருந்து எங்கள் வீட்டு ரேடியோவைப் பழுது பார்த்துவந்த மெக்கானிக் அண்ணன் காரைக்குடியில் இருக்கிறார். கடையை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டாலும் மேசையும் கருவிகளும் அப்படியே இருக்கின்றன. பெடலை அவரிடம் எடுத்துச் சென்றேன். நான் சொன்னதைக் கேட்டவுடன், “லீக்கைப் பாத்தியா தம்பி? சாமானை வாங்குனா மொதல்ல அதைத்தானே பாக்கணும்” என்றார். பார்க்கவில்லை என்றேன். அவர் ஏசவில்லை, மேசை விளக்கைப் போட்டுவிட்டு ட்ரான்சிஸ்டர்களைக் கழற்றச் சொன்னார்.

இந்த இடத்தைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டரில், பேஸுக்கு எந்த மின்சாரமும் கொடுக்காதபோதும் கலெக்டர் வழியே ஒரு மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும். சாதாரண மல்டிமீட்டரில் ட்ரான்சிஸ்டர் செருகும் துளை இந்தக் கசிவையும் பெருக்கத்தோடு சேர்த்தே எண்ணிக் காட்டும். கசிவு மிகுந்த ஒரு மட்டமான ட்ரான்சிஸ்டர், மீட்டரில் நல்ல எண்ணைக் காட்டுவது இதனால்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்க 9 வோல்ட் பேட்டரி ஒன்றும் மூன்று ரெசிஸ்டர்களும் போதும். ஏசி128 பி.என்.பி. வகை என்பதால் எமிட்டரை பேட்டரியின் பாசிட்டிவில் இணைத்து, 2.2 கிலோ ஓமையும் 270 ஓமையும் தொடராகச் சேர்த்துக் கலெக்டருக்கும் நெகட்டிவுக்கும் இடையில் வைத்து, அந்த இரண்டு ரெசிஸ்டர்களுக்கும் குறுக்கே வோல்ட் பார்க்க வேண்டும். பேஸ் சும்மா இருக்கும்போது வருவது கசிவு. பிறகு 2.2 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக பேஸை நெகட்டிவில் தொட்டால் வோல்ட் ஏறும். ஏறிய அளவை மட்டும் நூறால் பெருக்கினால் உண்மையான பெருக்கம் கிடைக்கும்.

என் முதல் ட்ரான்சிஸ்டர் பேஸைத் தொடாமலே 0.57 வோல்ட் காட்டியது; அதாவது சுமார் 230 மைக்ரோ ஆம்பியர் கசிவு. பேஸை இணைத்ததும் 1.16 ஆயிற்று. ஏறியது 0.59 மட்டுமே, ஆகவே பெருக்கம் 59. அதே ட்ரான்சிஸ்டரை அண்ணனுடைய மல்டிமீட்டர் துளையில் செருகியபோது 83 என்று வந்தது. சீட்டில் இருந்த 85 எங்கிருந்து வந்தது என்பது அப்போது புரிந்தது. அண்ணன் அதன் உலோகத் தொப்பியை இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பார்க்கச் சொன்னார். 0.57 என்று இருந்தது, 0.60, 0.64 என்று என் கண்ணெதிரே ஏறிக்கொண்டே போயிற்று. விரலை எடுத்த பிறகு கீழே வருவதற்கு வெகுநேரம் பிடித்தது. ஏறத்தாழ 10 டிகிரி வெப்பம் கூடும்போது இந்தக் கசிவு இரட்டிப்பாகிறது. இந்தச் சர்க்யூட்டில் முதல் ட்ரான்சிஸ்டரின் வழியே ஓட வேண்டிய மொத்த மின்னோட்டமே 250 மைக்ரோ ஆம்பியரை ஒட்டித்தான் என்பதால், முற்றத்து வெயிலில் கசிவு மட்டுமே அதைத் தாண்டி, இரண்டாவது ட்ரான்சிஸ்டரை அடைத்துவிட்டிருக்கிறது. ஊட்டியில் இருப்பவர் இதே பாகத்தை வாங்கியிருந்தால் குறையைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டார். நம் பக்கத்தில் வசிப்பவர்கள் 100 மைக்ரோ ஆம்பியருக்கு உட்பட்டதாகக் கேட்டு வாங்குவதே சரி என்பது என் கருத்து.

இரண்டாவது ட்ரான்சிஸ்டரில் கசிவு 0.00. அதைப் பார்த்து நான் மகிழ்ந்தேன். அண்ணன் முகம் மாறிவிட்டது. மீட்டரை டயோடு சோதனையில் வைத்துப் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே பார்த்தார்: 0.67 வோல்ட். ஜெர்மானியமாக இருந்தால் 0.2ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். “இது சிலிக்கான் தம்பி. ஜெர்மானியம் சட்டையை மாட்டிவிட்டிருக்கான்” என்றார். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு ஒரு முறை இழுத்ததும் ‘ஏசி128’ என்ற எழுத்து வழிந்து பஞ்சில் ஒட்டிக்கொண்டது. அதற்கடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கீறல்கள் ஒரே திசையில் ஓடின. கீறல்களுக்கு நடுவே வேறொரு எண்ணின் பாதி தெரிந்தது. கசிவு மிகுந்ததை அறியாமல் விற்றார் என்று முதலாவதைக்கூட மன்னித்துவிடலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது.

விற்றவருக்கு அளவீடுகளையும் படங்களையும் அனுப்பினேன். ஈயம் வைக்கும்போது சூட்டில் நீங்கள்தான் கெடுத்துவிட்டீர்கள் என்று பதில் வந்தது. கால்களில் ஈயத்தின் சுவடே இல்லை என்பதையும் சாக்கெட்டையும் படமெடுத்து அனுப்பினேன். எவ்வளவு சூடாக்கினாலும் ஜெர்மானியம் சிலிக்கானாக மாறாது என்றும் எழுதினேன். அத்துடன் என் எண்ணை அடைத்துவிட்டார். விற்பனைத் தளம் வழியாகச் செலுத்தாமல், ‘கமிஷன் மிச்சமாகும்’ என்ற அவருடைய பேச்சைக் கேட்டு நேராக யு.பி.ஐ.யில் பணம் போட்டது என் தவறு, தளம் கைவிரித்துவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். பார்சலின் மேல் இருந்த முகவரிக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்ற குறிப்போடு பதினோராம் நாள் திரும்பி வந்தது.

வாங்கியே ஆக வேண்டும் என்கிறவர்கள், பணம் போடும் முன் கசிவின் அளவையும், எந்த வெப்பத்தில் அளந்தது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். சொல்ல மறுப்பவரை விட்டுவிடுங்கள். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை. டயோடு சோதனை முடியும்வரை ட்ரான்சிஸ்டரின் காலில் ஈயம் படக் கூடாது. வெளியூரில் தேடும் முன் பக்கத்திலும் பாருங்கள். பெங்களூரு பி.இ.எல். (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) நிறுவனம் தயாரித்த ஏசி128கள் நம் வீடுகளில் இருந்த எத்தனையோ ட்ரான்சிஸ்டர் ரேடியோக்களின் ஒலிப் பகுதியில் இரண்டிரண்டாக இருந்தவை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் உடைந்த ரேடியோ ஒன்று ₹400க்குக் கிடைத்தது. அண்ணன் அதிலிருந்து எடுத்துக் கொடுத்த இரண்டும் கசிவில் 100ஐத் தாண்டவில்லை. பெடல் இப்போது முற்றத்திலும் பாடுகிறது.

விற்றவரின் பழைய கணக்கு நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் சென்ற வாரம் வேறு பெயரில், பச்சைத் துணியின் மேல் வைத்து எடுத்த ஒரு ஜோடியின் படத்தோடு, அதே வாசகத்தில் ₹4,200க்கு விளம்பரம் வந்திருக்கிறது. படத்தில் வலப்பக்கம் இருக்கும் ட்ரான்சிஸ்டரின் நடுக்கால் நுனியில் கொக்கி போல் வளைந்திருக்கும். எனக்கு முன்பு அனுப்பிய அதே படம் அது; அந்த வளைந்த காலுடைய சிலிக்கான், அழிந்த எழுத்தோடு, என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.