புது கம்ப்யூட்டரில் புரியாத சத்தம்: காதால் தேடுவதா, சாஃப்ட்வேரால் தேடுவதா, கழற்றிப் பார்ப்பதா?

புதுசாக அசெம்பிள் செய்த சிஸ்டம் வீட்டுக்கு வந்த நாலாவது நாள் ராத்திரி அக்கா மகன் போன் செய்தான். "மாமா, உள்ள டர்ர்ர்னு ஒரு சத்தம் விட்டு விட்டு வருது. ஹார்ட் டிஸ்க் போயிடுச்சா?" குரலே கம்மியிருந்தது. ஒன்றரை வருஷம் சேர்த்து வைத்து வாங்கியது, பயம் வராமல் இருக்குமா?

அவன் சிஸ்டத்தில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. மதர்போர்டில் நேரடியாகச் செருகும் என்விஎம்இ எஸ்எஸ்டி என்கிற சேமிப்புச் சிப் அட்டை மட்டும்தான், அதற்குள் சுற்றுகிற பாகம் எதுவும் இல்லை. இதைச் சொன்னதும் பாதிப் பயம் போய்விட்டது. புது கம்ப்யூட்டரில் சத்தம் கேட்டால் முதலில் பில்லை எடுத்து உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். சத்தம் போட வாய்ப்பே இல்லாத பொருளைச் சந்தேகப்பட்டு ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சத்தத்தைத் தேட மூன்று வழி இருக்கிறது. கேபினட்டைத் திறந்து காதாலும் கையாலும் தேடுவது ஒன்று. மூடி இருக்கும்போதே சாஃப்ட்வேர் வைத்து ஃபேன் வேகத்தையும் லோடையும், அதாவது சிஸ்டத்துக்குத் தரும் வேலையையும், மாற்றிப் பார்ப்பது இரண்டாவது. பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றியோ மாற்றியோ பார்ப்பது மூன்றாவது. அந்த வாரம் இந்த மூன்றையுமே யோசிக்க வேண்டி வந்தது. மூன்றும் சமமில்லை, எதை முதலில் செய்கிறோம் என்பதும் முக்கியம்.

முதலில் கை வழி. யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், நானும் பல வருஷமாக இதைத்தான் சொல்லி வந்தேன். ராத்திரி நேரம், சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, கேபினட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும். சீலிங் ஃபேன் ஓடும்போது தேடுவதில் பிரயோஜனமே இல்லை, அதன் இரைச்சலில் பாதிச் சத்தம் அமுங்கிவிடும். அப்புறம் ஓடுகிற ஃபேனின் நடுவில் இறக்கைகளோடு சேர்ந்து சுற்றும் வட்டமான இடத்தை விரல் நுனியால் மெதுவாக அழுத்தினால் ஃபேன் நிற்கும். ஒன்றிரண்டு விநாடி நிறுத்தினால் அந்த ஃபேனுக்கு ஒன்றும் ஆகாது. இறக்கையில் மட்டும் விரலை வைக்கக் கூடாது. சத்தம் நின்றால் ஆள் அகப்பட்டுவிட்டது. விரலை எடுத்துவிட்டு அந்த ஃபேனின் சட்டத்தை, அதாவது ஸ்க்ரூ போட்டிருக்கும் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது சத்தம் குறைந்தால் ஸ்க்ரூ லூஸ், ஃபேனின் அதிர்வு தகரத்துக்குப் போகிறது என்று பொருள். அழுத்தியும் மாறாமல் கரகரவென்றே வந்தால் பேரிங்கில் கோளாறு, ஃபேனை மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.

டிஷ்யூ பேப்பர் சுற்றி வரும் அட்டைக் குழாய் ஒன்று கையில் இருந்தால் நல்லது. ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு பாகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒரு ஜாண் இடைவெளியில் இருக்கும் இரண்டு பாகங்களைக்கூடப் பிரித்துச் சொல்லலாம். மெக்கானிக்குகள் இன்ஜினில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்பதைப் பார்த்துவிட்டு இங்கேயும் இரும்பை உள்ளே விடாதீர்கள், கரண்ட் ஓடுகிற போர்டில் அது பட்டால் கதை முடிந்தது.

காசு செலவில்லை, பத்து நிமிஷ வேலை, அதோடு பதில் உறுதியாக வரும். ஆனால் எஸ்எம்பிஎஸ்-க்குள், அதாவது பாகங்களுக்குக் கரண்ட் தரும் பெட்டிக்குள், இருக்கும் ஃபேனைத் தொட முடியாது. கிராபிக்ஸ் கார்டு ஃபேனைக் கையால் நிறுத்துவதை நான் விரும்புவதில்லை, இறக்கைகள் மெல்லியவை. பல கார்டுகளில் சும்மா இருக்கும்போது ஃபேன் சுற்றவே சுற்றாது, அதைப் பார்த்துவிட்டு ஃபேன் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

இதையெல்லாம் விடப் பெரிய குறை ஒன்று உண்டு, அது அக்கா மகன் சிஸ்டத்தில்தான் எனக்குப் புரிந்தது. மறுநாள் அவன் சொன்னான்: "மாமா, ரெண்டு பக்கமும் கழட்டிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டேன். சத்தமே இல்ல. மூடின பத்தாவது நிமிஷம் வருது."

திறந்தால் மறைந்துவிடும் சத்தத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எப்படித் தேடுவது? அங்கேதான் சாஃப்ட்வேர் வழி வந்தது. "நீ எதையும் கழட்டாதப்பா, மூடினபடியே வை" என்றேன். ஃபேன்கன்ட்ரோல் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, மதர்போர்டில் செருகியிருக்கும் ஃபேன்களின் வேகத்தைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். அதை நிறுவ மனமில்லை என்றால் சிஸ்டம் ஆன் ஆகும்போது நுழைகிற பயாஸ் அமைப்புப் பக்கத்திலேயே செய்யலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். பின்பக்க ஃபேன், பிராசஸர் கூலர் ஃபேன், முன்பக்க ஃபேன்கள் என்று ஒவ்வொன்றாக 30 சதவீதத்திலிருந்து 100 வரை ஏற்றினோம். முதல் இரண்டிலும் வெறும் காற்றுச் சத்தம். முன்பக்க ஃபேன்கள் 70 சதவீதத்தைத் தாண்டியதும் போனிலேயே எனக்குக் கேட்டது, சின்ன வயதில் சைக்கிள் சக்கரக் கம்பிக்கு நடுவே அட்டையைச் செருகி ஓட்டுவோமே, அச்சு அசலாக அந்த டர்ர்ர்.

அந்த உவமை சும்மா சொன்னது இல்லை. ஏழு இறக்கை உள்ள ஃபேன் நிமிஷத்துக்கு 1200 சுற்று ஓடினால் விநாடிக்கு 20 சுற்று. ஏதாவது ஒரு வயர் ஓரமாக உரசினால் ஒவ்வொரு இறக்கையும் அதைத் தட்டும், விநாடிக்கு 140 தட்டு. தனித்தனி டிக் டிக்காகக் கேட்காது, டர்ர்ர் என்று இழுவையாகத்தான் கேட்கும். ஆக வயர் ஏதோ இடிக்கிறது என்பது கதவைத் திறக்காமலேயே தெரிந்துவிட்டது.

ஆனால் எந்த ஃபேன்? முன்னால் இருந்த மூன்றும் ஒரே ஹப்பில், அதாவது பல ஃபேனைச் சேர்த்து மாட்டும் இணைப்புப் பெட்டியில், மாட்டியவை, சாஃப்ட்வேர் மூன்றையும் சேர்த்துத்தான் ஏற்றி இறக்கும். இந்த வழியின் குறை அது. மறுபடி கை வழிக்கு வந்தோம், இந்த முறை கண்ணாடிக் கதவை மட்டும் கழற்றி, மறுபக்கத் தகரக் கதவை மூடியபடியே வைத்தோம். சத்தம் இருந்தது. கீழ் ஃபேனின் நடுவில் விரலை வைத்ததும் நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தால், கேபினட்டின் முன்பக்க ஹெட்போன் ஓட்டைக்குப் போகும் மெல்லிய கறுப்பு வயர் ஃபேனின் ஓரத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மேல் பூச்சில் நகம் கீறின மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அந்தத் தகரக் கதவுக்குப் பின்னால் வயர்களைக் கட்டாமல் அடைத்து மூடியிருக்கிறார்கள், தகரக் கதவு அந்த மூட்டையை அழுத்த, ஒரு வயர் முன்னால் பிதுங்கியிருக்கிறது. வேகம் கூடும்போது காற்று இழுப்பில் இறக்கையைத் தொடுகிறது. இரண்டு கதவையும் கழற்றியபோது மூட்டை தளர்ந்து வயர் உள்ளே போய்விட்டது, சத்தமும் போய்விட்டது. ஒரு டேக் போட்டு இழுத்துக் கட்டினான், இரண்டு ரூபாய் விஷயம்.

அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் சொல்லும் வரிசை மாறிவிட்டது. முதலில் மூடியபடியே சாஃப்ட்வேர். அப்புறம் ஒரு பக்கம் மட்டும் திறந்து கை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறப்பது கூடவே கூடாது.

டர்ர்ர் நின்ற அன்றைக்கே அவனுக்கு இன்னொரு சத்தம் கேட்டது. முன்பே இருந்திருக்க வேண்டும், பெரிய சத்தம் இதை மறைத்திருக்கிறது. கேம் திறந்ததும் மெனு பக்கத்தில் கீ... என்று கொசு மாதிரி. ஆட்டம் ஆரம்பித்ததும் சுருதி இறங்குகிறது, மெனுவுக்கு வந்தால் ஏறுகிறது. இதற்குக் காது வழி உதவவே உதவாது, எல்லா ஃபேனையும் நிறுத்தினாலும் இது நிற்காது. காயில் வைன் என்பார்கள். கிராபிக்ஸ் கார்டிலும் எஸ்எம்பிஎஸ்-இலும் கரண்டைச் சீராக்கும் கம்பிச்சுருள்கள் இருக்கும். அவற்றில் ஓடும் கரண்ட் வேகமாக ஏறி இறங்கும்போது காந்த விசையால் சுருள் நுணுக்கமாக அதிரும், அந்த அதிர்வு காதுக்கு எட்டும் அலைவரிசையில் அமைந்துவிட்டால் கீச்சென்று கேட்கும். மெனுவில் வரைய ஒன்றும் இல்லாததால் கார்டு விநாடிக்குப் பல நூறு, சமயத்தில் ஆயிரத்துக்கும் மேல் ஃபிரேம், அதாவது திரைப் படங்கள், போட்டுத் தள்ளும், அதனால்தான் மெனுவில் அதிகம். விநாடிக்கு 60 ஃபிரேம் என்று வரம்பு வையுங்கள். சத்தம் குறைந்தாலோ சுருதி மாறினாலோ அது காயில்தான். இவ்வளவு சுத்தமான பரிசோதனை வேறு எந்தச் சத்தத்துக்கும் கிடையாது. கருகும் வாடையோ, சிஸ்டம் தானாக நிற்பதோ இல்லாதவரை இது கெட்டுப்போவதன் அறிகுறி அல்ல. அதனாலேயே இதை வாரண்டியில் கோளாறாக ஏற்க வைப்பது கஷ்டம். கடையில் மாற்றித் தரும் நாட்கள் முடிவதற்குள் பேசிவிட வேண்டும்.

உய்ங் என்று ஏறி உடனே இறங்கி மறுபடி ஏறுகிற சத்தமும் சாஃப்ட்வேர் வழிக்கே உரியது. பிரவுசர் திறந்தால்கூட பிராசஸர் சூடு ஒரு நொடி குதிக்கும், ஃபேன் அதன் பின்னாலேயே ஓடும். பயாஸில் ஃபேன் பகுதியில் தாமதம் வைக்கும் வசதி இருந்தால் சில விநாடி கூட்டி வையுங்கள், நின்றுவிடும்.

போனில் ஒலி அலைவரிசை காட்டும் ஆப் வைத்துத் தேடுகிறவர்களும் உண்டு. நிமிஷத்துக்கு 7200 சுற்று ஓடும் ஹார்ட் டிஸ்க் 120 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 120 அதிர்வு, நான் சொன்ன ஃபேன் 140 ஹெர்ட்ஸ், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். போன் மைக்கில் அடித்தொனி சரியாகப் பதியாது. என் கணக்கில் ஆப்பைவிட அட்டைக் குழாய் மேல். போனை வீடியோ எடுக்கப் பயன்படுத்துங்கள், கடைக்குப் போனால் அங்கே அந்தச் சத்தம் வராது, வந்தாலும் தெரு இரைச்சலில் கேட்காது.

மூன்றாவது வழியை, அதாவது கழற்றிப் பார்ப்பதை, புது சிஸ்டத்தில் வீட்டில் செய்ய நான் சொல்ல மாட்டேன். ஒன்றைக் கழற்றி மாட்டும்போது இன்னொன்று தளரும், எது பழைய சத்தம் எது நாம் உண்டாக்கியது என்று தெரியாமல் போகும், கடைக்காரரும் நீங்கள்தான் கை வைத்தீர்கள் என்பார். ஒரே இடத்தில் மட்டும் இதுதான் சரியான வழி: எஸ்எம்பிஎஸ். அதன் ஃபேனைத் தொடவும் முடியாது, பெரும்பாலும் சாஃப்ட்வேரில் தெரியவும் தெரியாது, நன்றாக இருக்கிற வேறொன்றை மாட்டிப் பார்த்தால்தான் உண்டு, அதைக் கடையில் செய்யட்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், அது உயிருக்கு ஆபத்து. ஆன் செய்யும்போதும் நிறுத்தும்போதும் அதிலிருந்து ஒரே ஒரு க்ளிக் வந்தால் அது உள்ளே இருக்கும் ரிலே என்கிற ஸ்விட்ச், பயப்பட வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ் மேல் பழி போடுமுன் ஒன்று கவனியுங்கள். கொர்ர் சத்தம் கரண்ட் போன நேரத்தில் மட்டும் வருகிறதா? வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால் எஸ்எம்பிஎஸ் உறுமும், அதே நேரம் சீலிங் ஃபேனும் உறுமும். அதற்குக் கம்ப்யூட்டரில் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் மருந்து.

பிராசஸரைத் திரவத்தால் குளிர்விக்கும் வாட்டர் கூலர் வைத்திருப்பவர்களுக்கு முதல் சில நாள் களக் களக் என்று நீர்ச்சத்தம் வரலாம், உள்ளே இருக்கும் காற்றுக்குமிழி ஒதுங்கியதும் அடங்கும். அடங்காவிட்டால் ரேடியேட்டர் பம்ப்பைவிடக் கீழே மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அப்படியிருந்தால் காற்று பம்ப்பில் வந்து சேரும்.

நிஜமாகவே ஹார்ட் டிஸ்க் இருந்தால் மட்டும் வரிசையே வேறு. சத்தம் எங்கிருந்து என்று தேடும் முன் முக்கியமான ஃபைல்களை வேறு இடத்தில் காப்பி எடுங்கள். அப்புறம் டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில், கெட்டுப்போன இடங்களையும் சந்தேகத்துக்குரிய இடங்களையும் எண்ணும் 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள், புது டிஸ்க்கில் அந்த எண்ணிக்கை சுழியமாக இருக்க வேண்டும். எழுதும்போது கடகடப்பது இயல்பு. பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் சிலவற்றில் சும்மா இருக்கும்போதும் ஐந்து விநாடிக்கு ஒரு தட்டு வரும், அதுவும் இயல்புதான். டக்... டக்... என்று ஒரே சீராகத் தட்டி, டிரைவ் திரையிலிருந்தே காணாமல் போனால் உடனே நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

அக்கா மகனுக்கு அந்தக் கீச்சுச் சத்தம் இன்னும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. கார்டை மாற்றிக் கேட்கட்டுமா மாமா என்கிறான். மாற்றி வரும் கார்டு அமைதியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அவன் மானிட்டர் 75 ஹெர்ட்ஸ்தான், விநாடிக்கு 75 ஃபிரேமுக்கு மேல் காட்டாது, அதனால் ஃபிரேம் வரம்பை 75-இல் வைத்து, கேபினட்டை மேஜை மேலிருந்து கீழே இறக்கி, இரண்டு ராத்திரி விளையாடிப் பார்த்துவிட்டுச் சொல் என்றிருக்கிறேன். மாற்றித் தரும் கெடு முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறது, வீடியோவும் எடுத்து வைத்திருக்கிறான்.