செட்டிநாட்டு வீடுகளில் வாக்கி-டாக்கி போன்: இரண்டு வருஷப் பயன்பாட்டில் தெரிந்தவை

பக்கவாட்டில் ஆரஞ்சு பட்டன் இருக்கிற ரக்கட் (அடி தாங்கும்) போன் எல்லாம் வாக்கி-டாக்கி ஆகிவிடாது. பெரும்பாலானவற்றில் அந்தப் பட்டனை அமுக்கினால் ஸெல்லோ மாதிரி ஒரு ஆப்தான் திறக்கும். அதற்கு நெட் வேண்டும். டவர் போனால் பேச்சும் போச்சு. சிம்மே இல்லாமல் போனும் போனும் நேராகப் பேச வேண்டுமென்றால் உள்ளே தனி யுஎச்எஃப் (மிக உயர் அலைவரிசை) ரேடியோ இருக்க வேண்டும். வாங்கும்போது விவரப் பட்டியலில் '400–480 மெகாஹெர்ட்ஸ்', 'டிஎம்ஆர்' (குரலை டிஜிட்டலாக்கி அனுப்பும் முறை) அல்லது 'அனலாக்' (குரலை அலையாகவே அனுப்பும் பழைய முறை) என்ற சொற்களைத் தேடுங்கள். கூடவே திருகி மாட்டும் ஆண்டெனா ஒன்று பெட்டியில் வருகிறதா பாருங்கள். 2020-இல் வந்த யூனிஹெர்ட்ஸ் ஆட்டம் எக்ஸ்எல் இந்த வகை. அதற்குப் பிறகு பெரிய பேட்டரியோடு பல மாடல்கள் வந்துவிட்டன. கீழே சொல்வதெல்லாம் எந்தக் கம்பெனி போனுக்கும் பொதுவாகப் பொருந்தும்.

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் டவருக்குக் குறைவில்லை. ஆனாலும் இந்தக் கருவிக்கு இங்கே வேலை இருக்கிறது, காரணம் வீடுகள். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் வளவு (முற்றத்தைச் சுற்றிய பகுதி), இரண்டாங்கட்டு, அடுப்படி. சுண்ணாம்புச் சாந்து பூசிய கனத்த சுவர்கள், இரும்பு உத்தரம், தேக்குக் கதவு. கல்யாணத்தன்று அடுப்படியிலிருந்து முகப்புக்குப் போன் போட்டால் 'தொடர்பு எல்லைக்கு அப்பால்' என்று வரும். முற்றத்தில் கொஞ்சம் சிக்னல் வந்தாலும் வந்த கூட்டம் முழுக்க அதே டவரில் தொங்கிக்கொண்டிருக்கும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிற கூட்டத்திலும், சிராவயல் மஞ்சுவிரட்டுத் திடலிலும் இதே கதைதான்.

சட்டம் முதலில். போன் 400 முதல் 480 வரை எல்லாவற்றிலும் பேசும் என்பதற்காக எல்லாவற்றிலும் பேசக் கூடாது. குறைந்த பவர் கருவிகளுக்கான 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி லைசென்ஸ் இல்லாமல் பேச அனுமதி உள்ள இடம் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை. அதற்கு வெளியே போலீஸும் இருக்கலாம், உரிமம் பெற்ற வேறு சேவைகளும் இருக்கலாம். அமெச்சூர் (ஹாம் ரேடியோ) லைசென்ஸ் உள்ளவர்களுக்கு 434–438 மெகாஹெர்ட்ஸ் தனியாக உண்டு. மற்றவர்கள் அங்கே எட்டிப் பார்க்க வேண்டாம். கருவிக்கு மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு தரும் ஈடிஏ ஒப்புதல் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டு, மாடல் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். இறக்குமதி போன் பலவற்றுக்கு அது இருக்காது. இந்த ஒரு விஷயத்தில் விலையைப் பார்த்து அவசரப்பட வேண்டாம்.

செட்டிங் இப்படி. ரேடியோ ஆப்பில் வருகிற ஆயத்தச் சேனல்களை நம்பாமல் அழித்துவிட்டு, அலைவரிசையைக் கையால் அடியுங்கள். முதல் சேனல் 446.00625. அடுத்தடுத்த சேனலுக்கு 0.0125 கூட்டிக்கொண்டே போனால் பதினாறாவது 446.19375-இல் முடியும். ஏழாவது வேண்டுமென்றால் 446.08125. அலைவரிசை அகலம் 12.5 கிலோஹெர்ட்ஸ், அதாவது 'நேரோ'. ஒருவர் நேரோவிலும் மற்றவர் வைடிலும் இருந்தால் ஒரு பக்கம் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும், மறுபக்கம் கரகரக்கும். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்துப்போவதற்கு முன் இதைப் பாருங்கள். பவரை 'லோ'வில் வையுங்கள். ஸ்குவெல்ச், அதாவது பேச்சு இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் அளவு, 3-இல் தொடங்கி, இரைச்சல் வந்தால் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எடுத்தவுடனே 8, 9 என்று வைத்தால் தூரத்துக் குரல் காதுக்கே வராது.

சிடிசிஎஸ்எஸ் டோன் என்பது குரலோடு சேர்ந்து போகும் தாழ்ந்த ஒலி; அதே டோனோடு வரும் பேச்சை மட்டும் கருவி கேட்கவிடும். அதைக் கடைசியில் போடுங்கள். முதலில் டோன் இல்லாமல் எல்லாக் கருவியும் பேசுகிறதா பார்த்துவிட்டு, பிறகு எல்லாவற்றிலும் ஒரே டோன், 88.5 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம், அனுப்பவும் வாங்கவும் இரண்டுக்கும் கொடுங்கள். ஒன்றில் தப்பினாலும் அந்த ஆள் பேசுவது எல்லோருக்கும் கேட்டு, அவருக்கு மட்டும் எதுவும் கேட்காது. அல்லது நேர்மாறாக நடக்கும். டோன் போட்டால் ரகசியம் என்று பலர் நினைக்கிறார்கள். டோன் போடாத எவருக்கும் உங்கள் பேச்சு அப்படியே கேட்கும். நகை, பணம், பூட்டுச்சாவி பற்றி இதில் பேசவே கூடாது.

டிஎம்ஆரா அனலாக்கா? செட்டிநாட்டு வீட்டுக்குள் எங்கள் ஓட்டு அனலாக்குக்கு. சுவருக்குப் பின்னால் போகப் போக அனலாக்கில் இரைச்சல் கூடும், ஆனாலும் பழகிய காது சொல்லைப் பிடித்துவிடும். டிஎம்ஆரில் குரல் கடைசி வரை தெளிவாக இருந்துவிட்டு ஒரே அடியில் அறுந்துபோகும். அதில் கலர் கோடு, டைம் ஸ்லாட், குரூப் எண் என்ற மூன்று அமைப்பும் எல்லாக் கருவியிலும் பொருந்தினால்தான் பேசவே முடியும். இன்னொரு தொல்லை: டிஎம்ஆர் 30 மில்லிசெகண்ட் விட்டுவிட்டு அனுப்புவதால், மைக் செட் மிக்ஸர் பக்கத்தில் நின்று பட்டனை அமுக்கினால் ஒலிபெருக்கியில் 'டர்ர்ர்' என்று கேட்கும். நாதஸ்வர மைக்கை விட்டு நான்கைந்து அடியாவது தள்ளி நில்லுங்கள்.

தூரத்தைப் பற்றி அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை மறந்துவிடுங்கள். கருவேலம் மண்டிய சமதரையில் ஆள் உயரத்தில் பிடித்துப் பேசினால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிடைத்தாலே நல்ல கருவி. பவரை 0.5 வாட்டிலிருந்து 2 வாட்டாக, அதாவது நான்கு மடங்காக ஏற்றினாலும் தரையோடு போகும் அலைக்குத் தூரம் ஏறக்குறைய 1.4 மடங்குதான் கூடும். பேட்டரிதான் வேகமாக இறங்கும். நிற்கும் இடத்தை மாற்றுவது அதைவிடப் பலன் தரும். 446-இல் அலைநீளம் 67 சென்டிமீட்டர்; அதில் கால் பங்கு ஆண்டெனாவுக்கே 17 சென்டிமீட்டர் வேண்டும். போனோடு வருவது கட்டை விரல் நீளம், ஏற்கெனவே நஷ்டத்தில் ஓடுகிறது. அதைப் படுக்கவைத்தோ இடுப்பில் செருகியோ பேசினால் மிச்சமும் போகும். முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடியுங்கள். வீட்டுக்குள் கூரைக்குக் கீழே பட்டாலையில் நிற்பதைவிட முற்றத்தில் இறங்கி நின்றால் நன்றாக எடுக்கும். வானம் திறந்த வழி அது. முற்றத்துக்கு மேல் நெருக்கமான கம்பி வலையோ தகரமோ போட்ட வீட்டில் அந்தச் சலுகை இல்லை. அங்கே மொட்டைமாடியில் ஒருவரை நிறுத்தி, இரண்டு பக்கச் செய்தியையும் வாங்கிச் சொல்ல வைப்பதே வழி. குன்றக்குடியில் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பவர்களுக்கும் இதே உபாயம்தான்.

பேசும் முறையில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பட்டனை அமுக்கி ஒரு வினாடி கழித்துத்தான் பேச வேண்டும், இல்லாவிட்டால் முதல் சொல் போய்விடும். இது எல்லா மொழிக்கும் பொது. நம் பேச்சில் 'வேண்டாம்', 'இல்லை' எல்லாம் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. பட்டனை அவசரமாக விட்டால் 'இப்ப இலை போட வேண்டாம்' என்பது 'இப்ப இலை போட...' என்று போய்ச் சேர்ந்து, அங்கே இலை விழுந்துவிடும். அதனால் மறுப்பை முன்னால் கொண்டுவருவது பழக்கமாக வேண்டும்:

"அடுப்படி, அடுப்படி, முகப்புலேருந்து பேசுறேன்."
"சொல்லுங்கண்ணே."
"அடுத்த பந்திக்கு இலை போடலாமா?"
"நிறுத்துங்க, நிறுத்துங்க. பால் பணியாரம் இன்னும் ஆகல. பத்து நிமிஷம் பொறுங்க."
"சரி, பத்து நிமிஷம்."

கேட்டதைத் திருப்பிச் சொல்கிறாரே, அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள்.

இரண்டு வருஷத்தில் எது பழுதாகும்? அதிகம் படுத்துவது ஆண்ட்ராய்டுதான். திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று ரேடியோ ஆப்பை மூடிவிடும். கூப்பிட்டால் பதில் வராது, கையில் வைத்திருப்பவருக்கும் தெரியாது. ஆப்பின் பேட்டரி அமைப்பில் 'கட்டுப்பாடு இல்லை' என்று வைக்க வேண்டும். சிஸ்டம் அப்டேட் ஆன பிறகு அதைத் திரும்பவும் பார்க்க வேண்டும். அடுத்து, பாக்கெட்டில் பட்டன் அமுங்கிக்கொண்டு சேனல் முழுக்க அடைபடுவது. ஆப்பில் நேர வரம்பு இருந்தால் 60 வினாடிக்கு வையுங்கள். செம்மண் புழுதி ஸ்பீக்கர் வலையில் படிந்து குரல் மங்கும். உலர்ந்த பல் துலக்கும் பிரஷ் போதும், தண்ணீரில் அலச வேண்டாம். ஆண்டெனா துளையின் ரப்பர் மூடி தளர்ந்துவிட்டால் ஐபி68 (தூசியும் தண்ணீரும் புகாது என்ற தரக்குறி) என்ற பேச்சுக்கே இடமில்லை, ஒரு மழையில் உள்ளே ஈரம் இறங்கும். ஆண்டெனாவைக் கழற்றி வைத்த நிலையில் பட்டனைத் தொடவே கூடாது. போக இடமில்லாத பவர் திரும்பி வந்து அனுப்பும் சிப்பைச் சுட்டுவிடும், அதற்கு இங்கே ரிப்பேர் கிடையாது.

எல்லோருக்கும் இந்தப் போனை வாங்கித் தருவது வீண். பெரிய பேட்டரி மாடல்கள் அரைக் கிலோவைத் தாண்டும். பரிமாறுகிற ஆளும் வாசலில் வண்டி ஒழுங்கு செய்கிற பையனும் அதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. முழு வேலையையும் பார்த்துக்கொள்பவர் கையில் மட்டும் வாக்கி-டாக்கி போன் இருக்கட்டும். பட்டியல், படம், அழைப்பு, ரேடியோ எல்லாம் அவருக்குத்தான் ஒரே கையில் வேண்டும். அடுப்படி, பின்வாசல், மொட்டைமாடி, தெருமுனை நான்குக்கும் ஒப்புதல் பெற்ற சாதாரண 446 கைக்கருவி போதும்; அனலாக்கில் அவை இந்தப் போனோடு நன்றாகப் பேசும். ஒவ்வொன்றின் முதுகிலும் 'சேனல் 7, டோன் 88.5' என்று எழுதி ஒட்டி, முந்தின நாள் சாயங்காலமே அந்தந்த இடத்தில் நின்று ஒருமுறை பேசிப் பார்த்துவிடுங்கள். பந்தலுக்குத் தகரம் போட்ட பிறகு பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் பார்த்தது கணக்கில் வராது.