ஒரு ஜன்னலில் நான்கு முறுக்குகள்: புதிதாக உலை பிடிப்பவருக்கு எது சரி?

எங்கள் வீட்டு முன்ஜன்னலில் நான்கு சதுரக் கம்பிகள் நிற்கின்றன. நான்கும் 10 மி.மீ. கனம், மூன்றடி உயரம், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சாண் முறுக்கு. தெருவில் போகிறவர் கண்ணுக்கு நான்கும் ஒன்றுதான். முதல் கம்பி தருமபுரியில் ஒரு கிரில் பட்டறையில் சொல்லிவைத்து, இயந்திரத்தில் முறுக்கி வாங்கியது. இரண்டாவதை வைஸ் என்கிற மேசைப் பிடிப்பானில் இறுக்கிப் பிடித்து, சூடே காட்டாமல் நானே முறுக்கினேன். மூன்றாவது கரி உலையில் பழுக்கக் காய்ச்சி முறுக்கியது. நான்காவது கேஸ் டார்ச்சில் சுட்டு முறுக்கியது. வரிசை போகப் போக அழகு கூடும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். கூடவில்லை. மூன்றாவதுதான் நான்கிலும் கோரம். ஒரு முனையில் கயிறுபோல நெருங்கி, மறுமுனையில் சோம்பலாகத் திரும்பி, நடுவில் லேசாகக் கூன் போட்டு நிற்கிறது.

அதை இன்னும் கழற்றவில்லை. முறுக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தக் கூனிலிருந்து வந்தது.

நான் தொழில்முறைக் கொல்லன் இல்லை. பாலக்கோடு போகும் சாலையோரம் இருக்கும் ஒரு பட்டறையில் ஞாயிறுதோறும் துருத்தி பிடித்துக் கற்றுக்கொள்கிறவன். பட்டறைக்காரப் பெரியவர் அரிவாள், களைக்கொத்து, மண்வெட்டிக்கு வாய் வைப்பது என்று விவசாய வேலைதான் செய்கிறார். அலங்கார முறுக்கு அவர் கையில் எப்போதாவதுதான் வரும்: முனியப்பன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள் வேலோ சூலமோ செய்யச் சொன்னால், தண்டில் ஒரு முழம் முறுக்கி விடுவார்.

கம்பி வாங்கும்போதே ஒரு குழப்பம் உண்டு. இரும்புக் கடையில் ‘முறுக்குக் கம்பி’ என்று கேட்டால் வீடு கட்டும் கம்பியை எடுத்துப் போடுவார்கள். இப்போதைய டிஎம்டி கம்பி வருவதற்கு முன் கான்கிரீட்டுக்குள் போன டார் கம்பிகள் உண்மையிலேயே குளிர்ந்த நிலையில் முறுக்கப்பட்டவை. முறுக்கினால் இரும்புக்கு வலு ஏறும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். அந்தக் கம்பி போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. நமக்கு வேண்டியது சதுரக் கம்பி. கடையில் ‘ஸ்கொயர் ராடு’ என்றால் புரியும். 10 மி.மீ. கம்பி மீட்டருக்குச் சுமார் 785 கிராம் வரும், 12 மி.மீ. என்றால் 1.13 கிலோ. உருண்டைக் கம்பியை வாங்கி வந்து முறுக்கி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். அது முறுகத்தான் செய்கிறது, முறுகியது வெளியே தெரிவதில்லை. மூலை இருந்தால்தான் முறுக்கு கண்ணில் படும்.

இனி ஜன்னலுக்கு வருவோம். கடையில் வாங்கிய முதல் கம்பியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புரிகள் அளவெடுத்தது போல இருக்கின்றன. கேட்டுக்கு நாற்பது கம்பி வேண்டும் என்றால் அதை வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். நாற்பதையும் உலையில் வைத்து ஒன்றுபோல முறுக்க முயல்வது தன்னைத்தானே தண்டித்துக்கொள்வது. ஆனால் நுனியைக் கூராக்கி, சுருட்டி, கொக்கியாக வளைத்து, அதற்கு நடுவில் முறுக்கு வேண்டும் என்கிறபோது கடைக் கம்பியால் பயனில்லை.

உண்மையான போட்டி இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும்தான். சூடு காட்டாத முறுக்கும் சூட்டு முறுக்கும் உழைப்பில்தான் வேறுபடுகின்றன என்றே பலரும் நினைக்கிறார்கள். குளிர்ந்ததற்குப் புஜபலம் வேண்டும், சுட்டது சுலபம் என்று. கொஞ்சம் உண்மைதான். ஆனால் 10 மி.மீ. கம்பியை இரண்டடி நீளக் கைப்பிடியால் சூடில்லாமலே ஒருவர் முறுக்கிவிடலாம். கனம் கூடக்கூடத்தான் விஷயம் கைமீறுகிறது: பக்கம் இரண்டு மடங்கானால் முறுக்கத் தேவையான விசை எட்டு மடங்காகும். அந்தக் கணக்குப்படி 12 மி.மீ. கம்பிக்கு 10 மி.மீ. கம்பியைப் போல ஒன்றே முக்கால் மடங்கு விசை வேண்டும், 16 மி.மீ. கம்பிக்கு நான்கு மடங்கு. 16-ஐச் சூடில்லாமல் முறுக்கப் போனால் கம்பி திரும்புவதற்கு முன் மேசை திரும்பும்.

உழைப்பைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. குளிர்ந்த இரும்பில் எந்த இடம் முதலில் திரும்புகிறதோ, அந்த இடம் இறுகிக் கெட்டிப்படுகிறது. அடுத்த திருகு அங்கே போகாமல், பக்கத்தில் இன்னும் இளகலாக இருக்கும் இடத்தைத் தேடிப் போகிறது. இப்படியே கம்பி தன்னைத்தானே சமன் செய்துகொள்கிறது. பழுத்த இரும்பில் இது தலைகீழ். எங்கே சூடு சற்று அதிகமோ அந்த இடம் மெத்தென்றிருக்கும். எல்லாத் திருகும் அங்கேயே போய் விழும். பக்கத்தில் ஓர் அங்குலம் தள்ளி, நிறத்தில் லேசாக மங்கிய இடம் நகரவே நகராது. குளிர்ந்த கம்பி நம் தவறுகளை மூடி மறைக்கும், சுட்ட கம்பி ஒன்றுக்குப் பத்தாகக் காட்டிக்கொடுக்கும். முதன்முதலாகச் செய்த என் இரண்டாவது கம்பி, பத்து முறை பழகிச் செய்த மூன்றாவதைவிட நேர்த்தியாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவதைப் பெரியவரிடம் காட்டியபோது அவர் அதை ஒரு முறை உருட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, துருத்திக் காற்று எந்தப் பக்கம் வந்தது?” என்று மட்டும் கேட்டார். நெருங்கிக் கிடந்த முனைதான் காற்று வாய்க்கு நேராக இருந்தது. கம்பியைப் பார்த்தே உலை எப்படி எரிந்தது என்று சொல்லிவிட்டார்.

அப்படியானால் புதியவர் சூடில்லாமலே முறுக்கிக்கொண்டிருக்கலாமே என்று கேட்கலாம். இரண்டு காரணங்களுக்காக வேண்டாம் என்பேன். குளிர்ந்த கம்பி ஓரளவுக்கு மேல் நெருங்காது. வற்புறுத்தினால் மூலைகளில் வெடிப்பு கிளம்பும், கையை விட்டதும் சிறிது திரும்பி வரும். அடுத்தது, அதில் கற்றுக்கொள்ள எதுவுமில்லை. இரும்பின் சூட்டை நிறம் பார்த்து அறியும் கண்தான் கொல்லு வேலையின் அடிப்படை. அந்தக் கண்ணுக்கு முறுக்கைப்போலக் கறாரான தேர்வு வேறில்லை. ஆகவே என் தீர்ப்பு: பழகுவதற்குச் சூடு, அவசர வேலைக்குக் குளிர். 10 மி.மீ. தாண்டினால் கேள்வியே இல்லை, சூடுதான்.

கரி உலையில் சமச்சூடு வாங்குவது எப்படி? மூன்றாவது கம்பியில் ஒரு சாண் எடுத்ததுதான் நான் செய்த பிழை. நான்கு அங்குலம் போதும். தொடக்கமும் முடிவும் எங்கே என்பதைச் சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனைக் குத்தூசியால் குத்திக்கொள்ளுங்கள். சாக்பீஸ் கோடு நெருப்பில் காணாமல் போகும், குத்து போகாது. கம்பியைக் கரியில் நட்டுவிட்டு நிற்காமல், முன்னும் பின்னுமாக இழுத்து, புரட்டிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். செம்மஞ்சள் நிறம் நெருங்கும்போது காற்றைக் குறைத்துவிட்டு, கம்பியைக் கரிக்குள் சற்று ஊற விட வேண்டும். ஊறும் அந்த நேரத்தில்தான் சூடு உள்ளும் புறமும் ஒன்றாகிறது. நிறத்தை நிழலில் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் வாசலில் உலை போட்டால் பழுத்த இரும்பும் கறுத்த இரும்பும் ஒன்றுபோலத் தெரியும், முதலில் கெடுவது கம்பி, அடுத்து கை.

கரி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்புப் பொருள்கள் கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் செய்தி வந்தபோது, பட்டறையில் உட்கார்ந்து அதை உரக்கப் படித்தேன். பெரியவர் சம்மட்டியை இறக்கி வைத்துவிட்டு, “அப்போது கரி மூட்டை என்ன விலை என்று போட்டிருக்கிறதா?” என்றார். சீமைக்கருவேலங்கரிதான் இப்போது அவர் வாங்குவது. நெருப்பு நன்றாக நிற்கும், பொறிதான் அதிகம். பருத்திச் சட்டையும் கண்ணாடியும் இல்லாமல் பக்கத்தில் போக வேண்டாம். முறுக்கும்போது கம்பியிலிருந்து தெறிக்கும் செதிள்களுக்கும் அதே கண்ணாடிதான் காவல்.

உலையிலிருந்து வைஸுக்கு நான்கைந்து எட்டுக்கு மேல் தூரம் இருக்கக் கூடாது. 10 மி.மீ. கம்பி நடந்து போவதற்குள் ஆறிவிடும். வைஸின் தாடை சூட்டை உறிஞ்சும் என்பதால் முறுக்கு வேண்டிய இடத்தைத் தாடையோடு ஒட்டிப் பிடிக்காமல், ஓர் அங்குலம் தள்ளிப் பிடிப்பது நல்லது. அப்புறம் தண்ணீர். அடியில் ஆணியால் ஒரு துளை போட்ட பால் டின் பக்கத்திலேயே இருக்கட்டும். எங்கே புரி முந்திக்கொண்டு நெருங்குகிறதோ அந்த இடத்தில் மட்டும் சொட்டு விட்டால் அது அடங்கும். அடுத்த திருகு பின்தங்கிய இடத்துக்குப் போகும். சாதாரண மென்னிரும்புக்குத்தான் இந்த உபாயம். லாரி ஸ்பிரிங் பட்டையை அறுத்துச் செய்த கம்பியில் இதைச் செய்தால் தண்ணீர் பட்ட இடம் கண்ணாடிபோல ஆகி முறியும். ஓசூர் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும் தொழிற்சாலைத் துண்டுகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். என்ன எஃகு என்று தெரியாத துண்டை அலங்காரத்துக்கு எடுக்காமல் இருப்பதே மேல். துத்தநாகம் பூசிய குழாயும் கம்பியும் உலைப் பக்கமே வரக் கூடாது, அந்தப் புகை ஆளைப் படுக்க வைத்துவிடும்.

நான்காவது கம்பி, கேஸ் டார்ச். இதன் பலம், முறுக்கிக்கொண்டிருக்கும்போதே சுடலாம் என்பது. கம்பி வைஸில் இருக்கிறது. எந்த இடம் சோம்புகிறதோ அங்கே தீயைக் காட்டினால் போதும். கரி உலையில் தண்ணீரால் அடக்குவதை இங்கே நெருப்பால் எழுப்பிச் செய்கிறோம். பலவீனமும் அதே இடத்தில்தான். தீ படும் பக்கம் பழுக்க, முதுகுப்பக்கம் மங்கலாகவே இருக்கும். சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும், அதற்கு இன்னோர் ஆள் வேண்டும். ஒரு சாண் நீளத்தை டார்ச்சால் சுட்டு முடிப்பதற்குள் தொடங்கிய முனை ஆறிவிடும். இரண்டு அங்குல முறுக்குக்கு டார்ச்சை மிஞ்ச ஒன்றுமில்லை. அதற்கு மேல் கரிதான். சமையல் சிலிண்டரை இதற்கு இழுத்து வராதீர்கள், சட்டப்படியும் குற்றம், பாதுகாப்பும் இல்லை.

இப்போது கூனுக்கு வருகிறேன். அதற்குச் சூடு காரணமில்லை, கைப்பிடிதான் காரணம். மூன்றாவது கம்பியை நான் பைப் ரெஞ்சால் திருகினேன். ஒரே பக்கம் பிடியுள்ள எந்தக் கருவியும் கம்பியைத் திருப்புவதோடு ஒரு பக்கமாக இழுக்கவும் செய்யும். பழுத்த இரும்பு அந்த இழுப்புக்கு இணங்கி வளைந்துவிடும். பைப் ரெஞ்சின் பற்கள் மூலைகளைக் கடித்து வைப்பது தனி. இரண்டு பக்கமும் பிடி இருந்தால் இரு கைகளின் இழுப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டி, சுழற்சி மட்டும் மிஞ்சும். இதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை: பழைய ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்றின் தலைப்பக்கம், பிடிக்கு நேர் எதிரே அதே நீளத்தில் ஒரு கம்பியை வெல்டிங் வைத்தால் கருவி தயார். நல்ல உலைக்குச் செலவழிப்பதற்கு முன் இதைச் செய்துகொள்ளுங்கள்.

எத்தனை சுற்று? சதுரத்துக்கு நான்கு மூலை என்பதால் ஒரு முழுச் சுற்றுக்கு நான்கு வரிகள் தெரியும். நான்கு அங்குலத்தில் இரண்டு சுற்று என்றால் வரிக்கு வரி அரை அங்குலம், 10 மி.மீ. கம்பிக்கு இது கண்ணுக்கு இதமான நெருக்கம். மூன்று சுற்று வரை தாராளமாகப் போகலாம். முறுக்கில் கம்பியின் நீளம் சிறிது குறையும், அளவு பார்த்துச் செய்கிற ஜன்னலுக்கு அதையும் சேர்த்து வெட்ட வேண்டும். வளைந்துபோனால் இரும்புச் சுத்தியலை எடுக்காதீர்கள். மீண்டும் சுட்டு, மரக்கட்டை மேல் வைத்துக் கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், தட்டினால் மூலைகள் நசுங்காமல் நேராகும்.

வெறும் முறுக்கு கைவந்ததும் அடுத்து எது என்பதிலும் கட்சிகள் உண்டு. பெரும்பாலோர் நேரே கூடை முறுக்குக்குத் தாவுகிறார்கள்: 6 மி.மீ. கம்பிகள் நான்கை இரு முனையிலும் வெல்டிங் வைத்து முறுக்கி, பிறகு மறுபடி சுட்டு, எதிர்த்திசையில் கொஞ்சம் அவிழ்த்துக்கொண்டே நீளவாட்டில் நெருக்கினால் நடுவில் கூண்டுபோல விரியும். பார்க்க மந்திரம்போல இருக்கும். ஆனால் நான்கில் ஒரு கம்பி சூட்டில் பின்தங்கினாலும் கூண்டு ஒரு பக்கம் தொந்தி விழும். இரண்டு மூன்று கம்பிகளைக் கயிறுபோலப் புரி விடுவது இதைவிட எளிது, அங்கே உருண்டைக் கம்பியும் செல்லும். என் ஓட்டு இவை இரண்டுக்கும் இல்லை. முறுக்குவதற்கு முன் சதுரக் கம்பியின் நான்கு முகத்திலும் நடுவாக உளியால் ஒரு வரி இழுத்துவிட்டு, பிறகு வழக்கம்போல முறுக்குங்கள். ஒவ்வொரு புரியும் இரண்டாகப் பிளந்து, நிழல் இரட்டிப்பாகும். கூடுதல் வேலை உளிக்கோடு மட்டும்தான். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய சாதாரண தோசைத் திருப்பி ஒன்றின் காம்பை வெட்டிவிட்டு, இப்படி வரிமுறுக்குப் போட்ட காம்பு ஒன்றை நான் பொருத்திக் கொடுத்தேன். அம்மா அதை அடுப்படியில் தொங்கவிடாமல் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறார்.

வரியிட்டு முறுக்கியதை அடித்து மீண்டும் சதுரமாக்கி, எதிர்த்திசையில் முறுக்கும் கட்ட முறுக்கும் உண்டு. எனக்கு இன்னும் ஒழுங்காக வரவில்லை.

மேற்பூச்சில் பெயின்ட் மழையைத் தாங்கும், ஆனால் தடித்துப் பூசினால் உளிவரியை நிரப்பி மழுங்கடித்துவிடும். கம்பி பிரஷால் தேய்த்து, கை பொறுக்காத இளஞ்சூட்டில் தேன்மெழுகு தடவினால் இரும்பு கறுத்து மினுங்கும், ஆனால் வெளிப்புறத்தில் எத்தனை நாள் நிற்கும் என்பது வேறு கேள்வி. ஜன்னலில் முதல் மூன்றுக்கும் மெல்லிய கறுப்புப் பெயின்ட் அடித்தாயிற்று. நான்காவதை மட்டும் மெழுகோடு விட்டிருக்கிறேன். ஐப்பசி மழை வரட்டும், பார்க்கலாம்.