ஏசி சர்வீஸ் கட்டணத்தில் சேர்ந்த 18 சதவீதம்: எங்கள் பகுதிக் கடை ஒன்றைப் பற்றி

சென்னை நங்கநல்லூரில் எங்கள் வீட்டின் இரண்டு ஸ்பிலிட் ஏசிகளையும் ஆறு ஆண்டுகளாக ஒரே கடைக்காரர்தான் பராமரித்துவருகிறார். வேலையில் இதுவரை பெரிய குறையில்லை. சொன்ன நேரத்துக்கு ஆள் வருவார். உள் யூனிட்டின் அடியில் பிளாஸ்டிக் உறையைக் கட்டி, சுவரில் ஒரு சொட்டு அழுக்கு நீர் படாமல் வாட்டர் வாஷ் செய்வார். போகும்போது தரையையும் துடைத்துவிட்டுப் போவார். ஆகவே இந்த விமர்சனம் வேலையின் தரத்தைப் பற்றியதன்று. கட்டணத்தோடு வரி சேரப்போகிறது என்பதை வீட்டு வாடிக்கையாளர்களுக்கு இந்தக் கடை எப்படித் தெரிவித்தது என்பதைப் பற்றியது. சில குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

பிப்ரவரி மாதக் கடைசியில் வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. கடையின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டியதால் ஜிஎஸ்டி பதிவு பெற்றிருப்பதாகவும், மார்ச் 1 முதல் 'கட்டணங்களுடன் ஜிஎஸ்டி தனி' என்றும் அதில் எழுதியிருந்தது. சேவை அளிப்போருக்குப் பதிவைக் கட்டாயமாக்கும் வரம்பு அதுதான். எனவே காரணத்தில் ஐயம் கொள்ள இடமில்லை. ஆனால் வரி எத்தனை சதவீதம், நான் கையிலிருந்து தர வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு என்ற இரண்டையும் அந்த அறிவிப்பு சொல்லவில்லை. மாடி வீட்டுப் பெரியவர் அதைப் படித்துவிட்டு, "சேல்ஸ் டாக்ஸை நம்ம தலையில கட்டறான் பாருங்கோ" என்றார். 1939இல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த விற்பனை வரியின் பெயர், சட்டம் மாறியும் அவர் வாயைவிட்டுப் போகவில்லை.

அந்த வாசகம் அலுவலகங்களுக்கு அனுப்புவதற்கென எழுதப்பட்டது என்பது என் ஊகம். ஜிஎஸ்டி பதிவுள்ள ஓர் அலுவலகம் இந்த 18 சதவீதத்தைக் கட்டினாலும், பெரும்பாலும் அதைத் தான் அரசுக்குச் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும். எனவே 'வரி தனி' என்ற இரண்டு சொற்கள் அவர்களுக்குப் போதும். வீட்டுக்காரருக்கு அந்தக் கழிவு கிடையாது. 600 ரூபாய் வாஷ் எனக்கு 708 ரூபாய். 2,500 ரூபாய் கேஸ் நிரப்புதல் 2,950 ரூபாய். அந்த இறுதித் தொகையைத்தான் வீட்டு வாடிக்கையாளர் முதலில் பார்க்க வேண்டும். இதை நான் தொலைபேசியில் சொன்னபோது உரிமையாளர் மறுத்துப் பேசவில்லை. இரண்டே நாளில், ஒவ்வொரு வேலைக்கும் பழைய கட்டணம், வரி, மொத்தம் என்று மூன்று பத்திகள் கொண்ட பட்டியலை எல்லோருக்கும் அனுப்பினார். இதை மனதாரப் பாராட்டுகிறேன்.

அடுத்து வந்ததுதான் தகராறு. படுக்கையறை ஏசிக்கான ஓராண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத் தொகை 1,800 ரூபாயை நான் நவம்பரிலேயே கட்டியிருந்தேன். அதன்மீது 324 ரூபாய் வரி பாக்கி என்று மார்ச் முதல் வாரத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. நவம்பர் ரசீதில் 1,800 என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. மூன்று சர்வீஸில் ஒன்று டிசம்பரிலேயே முடிந்தும் விட்டது. பேசி முடித்துப் பணமும் வாங்கிய பிறகு ஏறும் சுமையை யார் ஏற்பது என்பதை அவரும் அவருடைய ஆடிட்டரும் தீர்த்துக்கொள்ள வேண்டுமேயன்றி, என்னிடம் வரக் கூடாது என்று எழுதி அனுப்பினேன். நான்கு நாள் பதிலே இல்லை. பிறகு, புதுப்பிக்கும்போதுதான் வரி சேரும் என்று ஒரு வரியில் பதில் வந்தது. மன்னிப்புக் கேட்கும் சொல் ஒன்றுகூட அதில் இல்லை.

ஹால் ஏசிக்கு ஏப்ரலில் வாஷ் செய்ய வந்த இளைஞர் வேலையை முடித்துவிட்டு, "பில் வேண்டாம்னா 600 மட்டும் குடுங்க சார்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். 108 ரூபாய் மிச்சம் என்பது ஆசை காட்டக்கூடியதுதான். ஆனால் இந்தக் கடை செய்த வேலைக்கு ஒரு மாதம் உத்தரவாதம் தருகிறது; பில் இல்லையென்றால் அதைக் கேட்க எனக்கு வாய் இருக்காது. பில் வாங்கினேன். மத்திய வரி 9 சதவீதம் 54 ரூபாய், மாநில வரி 9 சதவீதம் 54 ரூபாய் என்று தனித்தனியாகவும், 9987 என்று தொடங்கும் சேவைக் குறியீட்டுடனும் ஒழுங்காக இருந்தது. பதிவு எண் 15 எழுத்து, எண்களைக் கொண்டது. தமிழ்நாட்டுக்குரிய 33இல் தொடங்கியது. ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணை இட்டபோது கடையின் பெயரும், பதிவு நடப்பில் இருப்பதும், அது வழக்கமான வகைப் பதிவு என்பதும் தெரிந்தன. இந்தச் சரிபார்ப்புக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, எல்லோரும் செய்யலாம். பதிவே இல்லாதவர் வரி வசூலிக்கச் சட்டம் இடம் தரவில்லை. இணக்கமுறை என்னும் காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவரும் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வாங்கக் கூடாது. தம் வரவிலிருந்துதான் அவர் கட்ட வேண்டும்.

இன்னொன்றையும் உரிமையாளரிடம் கேட்டேன். பதிவு பெறுவதற்கு முன்பு, கெப்பாசிட்டர், கேஸ் போன்ற பொருள்களை வாங்கும்போது அவர் கட்டிய வரி அவருக்குத் திரும்பாது. அதையும் சேர்த்துத்தான் எங்களுக்கு விலை வைத்திருப்பார். இப்போது அந்த வரியை அவர் கழித்துக்கொள்ள முடியும். அப்படியிருக்க, பழைய விலையின் மீதே 18 சதவீதத்தைப் போடுவது எப்படிச் சரியாகும்? சற்று யோசித்துவிட்டு, கெப்பாசிட்டர் விலையை 450இலிருந்து 400 ஆகக் குறைத்தார். வரியுடன் 472 ரூபாய். கேஸ் விலை மட்டும் குறையவில்லை. வாஷ் பெரும்பாலும் கூலி என்பதால் அதில் குறைக்க எதுவும் இல்லை என்ற அவருடைய விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். நான்காகக் கொடுத்திருப்பேன், போன வாரம் கடைக்குப் போனபோது, கல்லாவுக்குப் பின்னால் 'வாட்டர் வாஷ் ரூ. 600' என்ற பழைய விலைப்பலகை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.