சுவர் அசையுமா, அசையாதா?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு வந்தால் இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காது, வெறுமனே படபடக்கும். ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும். வால்வுக் கோளாறு இல்லாதவர்களுக்குப் பத்தில் ஒன்பது ரத்தக் கட்டிகள் ஒரே இடத்தில்தான் உருவாகின்றன: இடது மேலறையின் ஓரத்தில் துருத்தி நிற்கும் ஒட்டுப்பை. அங்கே ரத்தம் எப்படிப் போய் வருகிறது என்று பார்க்க மூன்று வழிகள்.

தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் எக்கோ நோயாளிக்குத் தொந்தரவுதான். ஆனாலும் நேரடிக் காட்சி. பையிலிருந்து ரத்தம் வெளியேறும் வேகம் விநாடிக்கு 20 செ.மீ.க்குக் கீழே இருந்தால் டாக்டர் முகம் மாறும். திரையில் புகை சுழல்வது போலவும் சிலருக்குத் தெரியும். 'ஸ்மோக்' என்றே சொல்வார்கள். உள்ளே போன ரத்தம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை மட்டும் இது சொல்லாது.

இரண்டாவது, ரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் 4டி ஃப்ளோ எம்.ஆர்.ஐ. அது பல துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கும். துடிப்பே தாறுமாறாக இருக்கும் நோயில் சராசரிக்கு என்ன மரியாதை?

மூன்றாவது, கணினிக் கணக்கு. சி.டி. படத்திலிருந்து மேலறையின் வடிவத்தை எடுத்து, லட்சக்கணக்கான கட்டங்களாக வெட்டி, திரவ ஓட்டத்துக்கான நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைத் தீர்ப்பார்கள். ரத்தம் தங்கும் நேரம், சுவரில் உரசும் விசை எல்லாம் கிடைக்கும். தகராறு இங்கேதான்.

கணக்கில் மேலறையின் சுவர் அசையாது என்று வைத்துக்கொண்டால் வேலை சுலபம். 'மேலறைதான் சுருங்குவதில்லையே' என்று நியாயமும் சொல்லலாம். எனக்கு அது ஒப்பவில்லை. ஒட்டுப்பைக்கு இருப்பது ஒரே வாய். சுவரும் அசையாவிட்டால், ஒவ்வொரு கணமும் உள்ளே போவதும் வெளியே வருவதும் சரிக்குச் சரி. வாயருகே சுழி கொஞ்சம் கலக்கும். அடியில் உள்ளது அப்படியே கிடக்கும். அதே நோயாளியின் எக்கோ காட்டும் வேக வரைபடத்திலோ ரம்பப் பல் போலச் சின்னச் சின்ன அலைகள் தெரியலாம். பை அதிர்கிறது, கீழறை சுருங்கும்போது மேலறையும் கூடவே இழுபடுகிறது. ஆக, அசையாச் சுவர் தேக்கத்தை ஊதிக் காட்டக்கூடும். அசைவைச் சேர்க்க ஒரு துடிப்புக்குள் பல தருணங்களில் சி.டி. வேண்டும், கதிர்வீச்சும் உழைப்பும் கூடும். ஆராய்ச்சிக்கு என்றால் அந்தச் செலவு தகும் என்பேன்.

அப்புறம் பாகுநிலை, அதாவது ரத்தம் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பது. மெதுவாக ஓடும்போது சிவப்பணுக்கள் அடுக்கடுக்காக ஒட்டி ரத்தம் கெட்டியாகும். அதைத் தண்ணீர் போல ஒரே பாகுநிலையாக எடுத்தால் தேக்கம் குறைத்துக் காட்டப்படும். இரண்டு பிழையும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால், விடை தற்செயலாகச் சரியாகத் தெரியும் ஆபத்தும் உண்டு.

சரி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தருவதை இன்று பெரும்பாலும் எது முடிவு செய்கிறது? பக்கவாத ஆபத்தை எடைபோடும் 'சாட்ஸ்-வாஸ்க்' மதிப்பெண். வயது 75 ஆனால் 2, பி.பி.க்கு 1, சர்க்கரைக்கு 1. ஒட்டுப்பையின் வடிவத்துக்கு அதில் மதிப்பெண்ணே கிடையாது.