ஆடிய பல்லுக்குக் கிளிப்: நாலு வருட அனுபவம்

கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆடுவது எனக்குத் தெரியவந்தது 2021 ஆகஸ்டில், நேந்திரங்காய் சிப்ஸைக் கடித்தபோது. வலி இல்லை. நாக்கால் தள்ளினால் லேசாக அசைந்தது. அப்புறம் நாக்கு சும்மா இருக்குமா? வயது 36. கீழ் முன்பற்கள் சின்ன வயதிலிருந்தே ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டுதான் நிற்கும். "கொய்யா இலையக் கொதிக்க வெச்சுக் கொப்பளி கண்ணு, கெட்டியாயிரும்" என்றார் அம்மா. பத்து நாள் கொப்பளித்தேன். வாய் மணத்தது, பல் ஆடியது.

பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். முதலில் போன கிளினிக்கில் "வேதனையுண்டோ?" என்று கேட்டார்கள். மலையாளத்தில் வேதனை என்றால் வலி. வலி இல்லைங்க, தமிழ் வேதனைதான் நிறைய என்று சொல்ல வாய் வரை வந்தது. ஐந்தே நிமிடத்தில், வரிசை சரியில்லாததால்தான் ஆடுகிறது, அடுத்த வாரமே கம்பி போட்டுவிடலாம் என்று முன்பணம் கேட்டார்கள். ஈறைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நல்லவேளை, கையில் பணம் இல்லை.

பிறகு வேலந்தாவளம் எல்லையைத் தாண்டி, கோயமுத்தூரில் பல் வரிசையைச் சரிசெய்யும் டாக்டர் (ஆர்த்தோடான்டிஸ்ட்) ஒருவரிடம் போனேன். அவர் எல்லாப் பற்களும் ஒரே படத்தில் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, கம்பியைப் பற்றிப் பேசாமல் ஈறு டாக்டரிடம் அனுப்பினார். ஈறு டாக்டர், கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு, அங்கிருக்கும் பள்ளத்தை அளந்து, ரெண்டு, மூணு, ரெண்டு என்று எண் சொல்லிக்கொண்டே வந்தார். 3 மில்லிமீட்டர் வரை இயல்பாம். ஆடுகிற பல்லுக்கு வந்ததும் ஆறு என்றார். பல்லில் அழுக்கு இறுகிக் காரையாகச் சேர்ந்து, ஈறு வீங்கி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கொஞ்சம் கரைந்திருந்தது. இந்த நிலையில் கம்பி போட்டு இழுத்தால் மிச்ச எலும்பும் போய்விடும் என்றார். சர்க்கரையும் பார்க்கச் சொன்னார். எனக்கு இல்லை.

நாலு தடவை ஆழமாகச் சுத்தம் செய்தார்கள். 'கிளீன் பண்ணினா பல்லு ஆடும்' என்று ஊரில் சொல்வார்களே, முதல் வாரம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதுவரை காரைதான் செங்கல் நடுவே சிமெண்டு மாதிரி பல்லைப் பிடித்திருக்கிறது. ஈறு இறுகியதும் ஆட்டம் குறைந்தது.

2022 ஜனவரியில் மெட்டல் கிளிப் போட்டேன். தவணையில் 42,000 ரூபாய். மூன்றாவது வாரம் நன்றாக இருந்த பற்களும் ஆட ஆரம்பிக்க, பதறிப்போய் டாக்டருக்கு போன் செய்தேன். சிரித்தார். கம்பி அழுத்தும் பக்கம் எலும்பு கரையுமாம், எதிர்ப்பக்கம் புதிதாக வளருமாம், அதுவரை கொஞ்சம் ஆடத்தான் செய்யுமாம். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

வாங்கிய சாமான்களில் உருப்படியானது பல் இடுக்கில் விட்டுத் தேய்க்கும் இடுக்கு பிரஷ்தான். தண்ணீரைப் பீய்ச்சிப் பல் இடுக்கைக் கழுவ 2,500 ரூபாய்க்கு வாங்கிய வாட்டர் ஃப்ளாஸர் அலமாரியில் தூங்குகிறது. கம்பி மேல் ஒட்டிக்கொள்ளும் மெழுகு அவசியம், கம்பி நுனி கன்னத்தைக் குத்தும் ராத்திரிகளில் அருமை தெரியும். முருங்கைக்காய் சாம்பார் வைத்த நாளில் வெளியூர்க்காரர் முன் வாயைத் திறக்கக் கூடாது. கிளிப்பில் சிக்கிய நாரை எடுக்கக் கண்ணாடி முன் கால் மணி நேரம் நிற்க வேண்டும்.

22 மாதம் கழித்துக் கழற்றினார்கள். வரிசை நேராகிவிட்டது. கீழே பற்களுக்குப் பின்னால் மெல்லிய கம்பி ஒன்றை நிரந்தரமாக ஒட்டினார்கள், மேலே, பற்கள் மறுபடி நகராமல் இருக்க ராத்திரிக்கு மட்டும் மாட்டும் ரிடெய்னர். சுத்தமாக இருக்கட்டும் என்று ரிடெய்னரைச் சுடுதண்ணீரில் கழுவினேன். அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. புதிதுக்குத் தனியாகப் பணம் அழுதேன்.

அந்தப் பல்? பள்ளம் 6-லிருந்து 3-க்கு வந்திருக்கிறது. போன எலும்பு திரும்பவில்லை, ஆனால் பல் நிற்கிறது. ஈறு இறங்கியதால் பல்லுக்கு நடுவே ஒரு சின்ன கறுப்பு முக்கோணம் தெரிகிறது. கிளிப் போட்டால் இதுவும் மறையும் என்று நினைத்திருந்தேன், மறையவில்லை. மட்டை அரிசிச் சோறு தவறாமல் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். இடுக்கு பிரஷ் ஒன்றைப் பைக் சாவியோடு கோத்து வைத்திருக்கிறேன்.