சிறு பாகங்களுக்கு எந்த அயன்: 936-ஆ, ரி12-ஆ?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலுள்ள எனது திருத்தகத்தில் நான்கு ஆண்டுகள் 936 வகை சோல்டரிங் அயனைப் பாவித்துவிட்டு, சென்ற ஆண்டு ரி12 வகைக்கு மாறினேன். திரும்பிப் போகும் எண்ணம் இல்லை.

936 மலிவானது; அதன் முனைகள் யாழ்ப்பாண நகரத்துக் கடைகளிலேயே கிடைக்கின்றன. 0805 அளவுள்ள, அதாவது 2 மில்லிமீற்றர் நீளமும் 1.25 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட தடையொன்றை மாற்ற அது தாராளமாகப் போதும்.

அகன்ற செப்புப் படலத்துடன் இணைந்த கால்களில்தான் அது தடுமாறுகிறது. அதில் முனை என்பது வெப்பமூட்டியின்மேல் செருகப்படும் வெற்று உறை. இடையே காற்று நிற்பதால், முனை குளிர்ந்த செய்தி உள்ளேயுள்ள உணரியைத் தாமதித்தே சேர்கிறது. ஒரு கைப்பேசியின் சார்ஜிங் போர்ட்டைக் கழற்றும்போது, 183 பாகையில் உருக வேண்டிய 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த பற்றாசு) இளகாமல் நிற்க, நான் 350இலிருந்து 420 பாகை வரை ஏற்றிக்கொண்டே போனேன். கடைசியில் செப்புத் திட்டு, சுற்றுப் பலகையிலிருந்து உரிந்து போர்ட்டுடன் கையோடு வந்தது. ரி12இல் முனையும் வெப்பமூட்டியும் உணரியும் ஒரே தண்டாக இருப்பதால், அதே வகைப் போர்ட்டை இப்போது 330 பாகையில் கழற்றுகிறேன்.

முனையின் ஆயுளும் இந்தச் சூட்டில்தான் தங்கியுள்ளது. செப்பு முனையின் மேலுள்ள மெல்லிய இரும்புப் பூச்சை உருகிய வெள்ளீயம் மெல்ல மெல்லத் தின்கிறது. சூடு கூடக்கூட அது விரைவாகிறது. பூச்சில் ஊசித்துளை விழுந்துவிட்டால் உள்ளிருக்கும் செப்பு கரைந்து, முனை சொத்தைப் பல்லைப் போலக் குழிந்துவிடும். எனது 936 முனைகள் மூன்று நான்கு மாதங்களுக்கு மேல் தாங்கவில்லை. ரி12உடன் வாங்கிய கத்தி முனை இன்றும் ஈயத்தைப் பளிச்சென்று ஏற்கிறது. ரி12 முனை பல மடங்கு விலை, கொழும்பிலிருந்து வரவழைக்கவும் வேண்டும்; ஆகவே ஒன்றை எப்போதும் கையிருப்பில் வைத்திருங்கள். ஊசி முனையை மட்டும் வாங்காதீர்கள். அது வெப்பத்தைக் கடத்தப் போதாது.

மூன்றாவதாகப் பைன்சில் என்ற சிறிய கையடக்க அயன் இருக்கிறது. பவர் பேங்கிலும் இயங்கும் என்பதால் 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளின்போது பெரிதும் உதவியிருக்கும். இரவல் வாங்கி இரண்டு வாரங்களே பாவித்தேன். நுணுக்கமான வேலைக்குக் கைக்கு இதமாக இருந்தது, எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது.

எதை வாங்கினாலும், நிலையம் புவித்தொடுப்புள்ளதாயின், முனைக்கும் செருகியின் புவி முளைக்கும் இடையிலான தடையை முதலில் அளந்து பாருங்கள். அது 2 ஓமைத் தாண்டினால், நுண்சுற்றுகளைத் தொடுமுன் புவித்தொடுப்பைச் சரிசெய்யுங்கள்.